கடலும் வானும் ஒரே படத்தில்

கடற்கரையில் நின்று அடிவானத்தை நோக்கினால் மேகத்தின் வெண்மையும் தெரிகிறது. அலையின் மடிப்பிலுள்ள கருநீலமும் தெரிகிறது. நம் கண் மேகத்தைப் பார்க்கும்போது அதன் ஒளிக்கும், அலையைப் பார்க்கும்போது அதன் ஒளிக்கும் தன்னைத் தகவமைத்துக் கொள்ளுகிறது. ஒரே முறை திறந்து மூடுகின்ற புகைப்படக் கருவிக்கு இத்திறமை இல்லை. வானத்துக்கு அளவாக ஒளியை விட்டால் கடல் கறுத்துப் போகும்; கடலுக்கு அளவாக விட்டால் வானம் வெளுத்துப் போகும். ஆகவே கடற்காட்சிப் படங்களை எடுத்த பின்னர்த் திருத்துகிறார்கள். இது கணினி வந்தபின் தோன்றிய பழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது 1850களிலேயே தொடங்கிவிட்டது.

அக்காலத்தில் படம் எடுப்பது எளிய வேலையன்று. 1851இல் ஆங்கிலேயரான பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறைப்படி, கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பிசினைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படத்தை எடுத்து முடிக்கவேண்டும். இத்தகட்டுக்கு ஒரு குறை உண்டு. நீலமும் ஊதாவுமே அதனைத் தாக்கும்; பச்சை சிறிதே தாக்கும்; சிவப்பு தாக்குவதேயில்லை. புகைப்படம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்கு ஏற்றிவைக்கும் வழக்கத்தின் காரணத்தை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் நான் இதனையே எடுத்துக்காட்டாகக் கூறுவேன். நீல வானம் இத்தகட்டை மிகுதியாகத் தாக்கிவிடும். அச்சிட்ட படத்தில் வானம் வெறும் வெள்ளைத்தாளாக நிற்கும். அதிலும் புள்ளிகளும் கறைகளும் தோன்றியதால், பலர் நெகடிவின் வானப் பகுதியைக் கறுப்பு மையால் பூசி, வானத்தை முற்றிலும் வெண்மையாக்கி விடுவதுமுண்டு. மேகமே இல்லாத உலகம் அது!

இக்குறையைத் தீர்க்க மேகத்துக்கெனத் தனி நெகடிவ் எடுக்கலாம் என்று 1852இல் பிரான்சில் இப்போலித் பயார் யோசனை கூறினார். கடற்காட்சிகளில் அதனைச் சிறப்புறச் செய்து காட்டியவர் குஸ்தாவ் லெ கிரே. 1820இல் பிறந்த இவர், போல் தெலரோஷ் என்னும் ஓவியரிடம் பயின்றவர். ஒளியையும் நிழலையும் ஓவியனின் கண்கொண்டு பார்த்தார் என்பதை அவருடைய படங்களில் காணலாம்.

1856இல் நார்மண்டிக் கரையிலும், 1857இல் மத்தியதரைக் கடலோரத்து ஸேத் துறைமுகத்திலும் அவர் படம் எடுத்தார். கடலுக்கு ஏற்ற ஒளியளவில் ஒரு நெகடிவ்; வானத்துக்கு ஏற்ற அளவில் மற்றொன்று. அந்நாளில் நெகடிவைத் தாளின்மேல் நேராக வைத்து வெயிலில் காட்டி அச்சிடுவர். முதலில் வானப் பகுதியை மறைத்துக் கடலை அச்சிடுவார். பிறகு கடற்பகுதியை மறைத்து, வேறு நெகடிவிலிருந்து வானத்தை அச்சிடுவார். இரண்டும் சந்திக்கும் இடம் அடிவானக் கோடு. மரமோ கோபுரமோ குறுக்கிடாத நேர்கோடாக இருந்தமையால் ஒட்டு வெளியில் தெரியவில்லை. இவ்வகையில் கடல் அவருக்குப் பெரிதும் உதவியது.

அவருடைய படங்கள் அனைத்துமே ஒட்டுப் படங்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1856இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பெரும் புகழ்பெற்ற பாய்மரக் கப்பல் படம் ஒரே நெகடிவில் ஆனது. சூரியனை நோக்கிக் குறைந்த ஒளியில் எடுக்கப்பட்டதால் கடல் இருண்டு, நீரில் ஒரு பளபளப்பு மட்டும் நின்றது. நிலவொளியில் எடுத்த படமென்றே அது பேசப்பட்டது. எடுக்கப்பட்டதோ பகலில்!

இனி, என் மனத்தை நெடுநாள் உறுத்திவந்த கேள்விக்கு வருகிறேன். லெ கிரே செய்தது திருத்தமா, பொய்யா? ஒரே இடத்தில், ஒரே வேளையில், இரு ஒளியளவுகளில் எடுத்து இணைப்பதை நான் குறை கூறமாட்டேன். கண் கண்டதையும் கருவி இழந்ததையும் அது மீட்டுத் தருகிறது. ஆனால் லெ கிரே சில வேளைகளில் ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்களின்மேல் அச்சிட்டார். அவர் அவற்றைக் கலைப்பொருளாக விற்றார். நீதிமன்றத்தில் சாட்சியாகக் கொண்டு வைக்கவில்லை. எனவே அவர்மீது வழக்குத் தொடுக்க எனக்கு விருப்பமில்லை. எனினும் சரித்திரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. அன்றைய வானிலையை அப்படத்தைக் கொண்டு ஆராய முற்படும் மாணவன் என்ன ஆவான்? நடவாத ஒரு நாளையல்லவா அவன் எழுதி வைப்பான்?

இரவல் வானத்தைக் கண்டுபிடிக்கக் கடலே வழிகாட்டும். மேகத்தில் சூரியன் எத்திசையில் இருக்கிறதோ, அத்திசையிலேயே நீரின் பளபளப்பும் இருத்தல் வேண்டும். வானம் மந்தமாகவும் அலைமுகடு கூர்மையாக ஒளிர்ந்தும் இருந்தால் ஐயுறுங்கள்.

பின்னர் வேதியியல் இச்சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. சாயம் சேர்த்தால் தகடு மற்ற நிறங்களையும் உணரும் என்று 1873இல் ஜெர்மனியில் ஹெர்மன் வோகல் கண்டறிந்தார். 1906இல் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. மஞ்சள் வடிகண்ணாடி ஒன்றை முன்னே வைத்தால், நீல வானம் கறுத்து மேகம் தனித்து நிற்கும். இன்றோ கைத்தொலைபேசியே பல ஒளியளவுகளில் படம் எடுத்து, நாம் கேளாமலே இணைத்துத் தருகிறது. வானத்தையே மாற்றிவிடும் வசதி 2020இல் போட்டோஷாப் மென்பொருளில் சேர்ந்தது. லெ கிரேயின் இரு வழிகளும் அருகருகே வந்து நிற்கின்றன. எதனைத் தொடுகிறோம் என்று விரல் அறிந்திருப்பது நலம்.

லெ கிரேயின் வாணிபம் நொடித்தது. 1860இல் அவர் பாரிசை விட்டு, நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமாவுடன் கப்பலேறினார். பிறகு தாயகம் திரும்பவில்லை. 1884இல் கெய்ரோவில் மறைந்தார். அவர் 1857இல் ஸேத்தில் எடுத்த 'பேரலை' என்னும் படத்தின் பிரதியொன்று 1999இல் லண்டன் ஏலத்தில் 5 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. அதுவரை எந்தப் புகைப்படமும் ஏலத்தில் அத்தொகையைப் பெற்றதில்லை. அப்படத்தின் அடிவானக் கோட்டை உற்று நோக்குங்கள். கடலைத் தொடுமிடத்தில் மேகம் கத்தியால் நறுக்கியதுபோல் அறுந்து நிற்கிறது.