புள்ளி எழுத்தும் பேசும் கணினியும்

பார்வையற்ற பிள்ளைக்கு இனிமேல் பிரெயில் என்னும் புள்ளி எழுத்து எதற்கு, கைப்பேசியே எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறதே என்ற பேச்சு ஆசிரியர்களிடையேகூடக் கேட்கிறது. ஒதுக்கிவிடக்கூடிய கேள்வியல்ல.

சுமையை வைத்துப் பார்த்தால் குரல்தான் ஜெயிக்கும். அச்சில் ஒரே புத்தகமாக வரும் பாடநூல், தடித்த தாளில் புள்ளி குத்தும்போது பல தொகுதிகளாகப் பெருத்துவிடும். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக ஆகாது. ஒலிநூலாக இருந்தால் கைப்பேசியே போதும். கணினிக்கோ, பார்வையற்ற ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். வேகத்திலும் குரல்தான் முந்தும். பழகிய காது, நமக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் வேகத்தில் ஓடும் குரலையும் பிடித்துக்கொள்ளும். விரலால் அவ்வளவு விரைந்து ஓட முடியாது. கல்லூரியில் ஆயிரம் பக்கம் படிக்க வேண்டியவரிடம் பிரெயிலை வற்புறுத்த நான் துணியமாட்டேன்.

ஆனால் எழுத்துப் பழகும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வாதம் பொருந்தாது. பல்லியும் பள்ளியும், மனமும் மணமும் இயந்திரக் குரலில் தெளிவாகப் பிரிவதில்லை (நம்மில் பலர் வாயிலும் பிரிவதில்லை என்பது வேறு கதை). பிரெயிலிலோ ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள்: இடப்பக்கத்து மூன்றும் புடைத்தால் ல, வலப்பக்கத்து மூன்றும் புடைத்தால் ள. விரல் வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். 'கொ' எழுத அச்சில் முன்னால் கொம்பு, பின்னால் கால். பிரெயிலில் முதலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். இந்த இடத்தில் பார்வையுள்ள பிள்ளைக்குத்தான் பாடு அதிகம். எந்நேரமும் கேட்டே படித்த பிள்ளை நிறைய அறிந்திருக்கும். ஆனால் ஒரு கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதச் சொன்னால் திணறும்.

கணக்கில் வித்தியாசம் இன்னும் கூடுதல். 'அ கூட்டல் ஆ வகுத்தல் இ' என்று குரல் சொல்கிறது. வகுபடுவது இரண்டின் கூடுதலா, ஆ மட்டுமா? கேட்பவருக்கு விளங்காது. நீண்ட சமன்பாட்டின் முதல் வரி, மூன்றாவது வரி வருவதற்குள் நினைவிலிருந்து நழுவிவிடும். புள்ளியில் இருந்தால் விரலை மேலே கொண்டுபோய் மறுபடி தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு இருந்தும் பிரெயில் ஏன் பின்தங்குகிறது? தேர்வில், பிள்ளை சொல்லச் சொல்ல வேறொருவர் விடை எழுதுகிறார். பல்லியா பள்ளியா என்பது அவருக்குத் தெரிந்தால் போதும். பிள்ளைக்குத் தெரியுமா என்று எந்த மதிப்பெண்ணும் கேட்பதில்லை. சிறப்புப் பள்ளியில் பிரெயில் தெரிந்த ஆசிரியர் நாள்தோறும் கூடவே இருப்பார். பொதுப்பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் பல பள்ளிகளைச் சுற்றிவரும் சிறப்பாசிரியர்தான். அவர் அடுத்தமுறை வருவதற்குள் விரல் பாதி மறந்துவிடும். செலவும் ஒரு காரணம்: கைப்பேசிக்கு ஒருமுறை பணம் ஒதுக்கினால் முடிந்தது. பிரெயில் ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும்.