மாதவிடாய் நிறைவுக்குப் பிந்தைய யோனி வறட்சி

மாதவிடாய் நின்றபின் சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சுரப்பது வெகுவாகக் குறைவதால், யோனியின் உட்சுவர் மெலிந்து நெகிழ்ச்சியையும் ஈரப்பசையையும் இழக்கும் நிலை யோனி வறட்சி எனப்படும். உட்சுவர் உயிரணுக்களில் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைப் பொருள் குறையும்போது, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிக் காக்கும் லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர்களும் அருகிவிடுவதால், பொதுவாக 4.5-க்குள் இருக்கும் அமில காரக் குறியீடு 5-க்கு மேல் உயர்ந்து தொற்றுக்கு இடமளிக்கிறது. எரிச்சல், அரிப்பு, உடலுறவில் வலி ஆகியவற்றுடன் சிறுநீர்க் கடுப்பும் தோன்றலாம். உடல் வெப்ப அலைகள் நாளடைவில் தணிவதுபோல் இவை பெரும்பாலும் தாமே தணிவதில்லை.

முதற்கட்டமாக, 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறை இடப்படும் ஈரப்பதக் களிம்பும், உடலுறவின்போது மட்டும் பயன்படும் வழுக்குப்பசையும் பரிந்துரைக்கப்படுகின்றன. எண்ணெய் கலந்த வகைகள் லேடெக்ஸ் ஆணுறையைச் சிதைக்கக்கூடியவை. சோப்பால் உட்பகுதியைக் கழுவுவது வறட்சியை மிகுவிக்கும். இவற்றால் தீராதபோது, குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கொண்ட களிம்போ 10 மைக்ரோகிராம் மாத்திரையோ யோனியினுள் வைக்கப்படுகிறது. மாத்திரை முதல் 2 வாரங்கள் நாள்தோறும், பின்னர் வாரம் 2 முறையும் வைக்கப்படுவது வழக்கம். மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கலந்தே இதனைத் தொடங்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் தோன்றும் எந்த உதிரப்போக்கும், வறட்சியால் வந்ததென்று விடப்படாமல், மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும்.