குதிரைச் சிறுநீரில் தொடங்கிய ஒரு நம்பிக்கை

மெனோபாஸுக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிட்டால் இதயம் கெடாது, மூளை மங்காது, பக்கவாதமும் கிட்ட வராது. 1990களில் அமெரிக்காவில் நிறைய டாக்டர்கள் இப்படித்தான் நம்பினாங்க. அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போறோம்.

கர்ப்பமான குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ப்ரெமரின், 1942-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். மெனோபாஸ் என்பதே ஒரு குறைபாட்டு நோய், ஹார்மோன் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அவர் வாதம். புத்தகம் சக்கைப்போடு போட்டது. மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பின்னால் வந்த கணக்கெடுப்புகளும் சொல்லின.

இங்கேதான் சிக்கல். அந்த மாத்திரையை யார் சாப்பிட்டாங்க? பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ள, ஒழுங்காக டாக்டரிடம் போய்வரும் பெண்கள். அவங்களைக் காப்பாத்தினது மாத்திரையா, வசதியா? கணக்கெடுப்பை மட்டும் வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி பாதிப் பேருக்கு மருந்தும், மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும் வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்க்கணும்.

யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதைச் செய்தது. நரம்பியல் மருத்துவர் லாரன்ஸ் ப்ராஸ், பொது மருத்துவர் வால்டர் கெர்னன், ஆய்வாளர் கேத்தரின் விஸ்கோலி எல்லாரும் அதில் இருந்தாங்க. இதே ஆட்கள் 2000-ல் இன்னொரு வேலையும் பார்த்தாங்க. பசியை அடக்க இளம்பெண்கள் கடையில் வாங்கிச் சாப்பிட்ட ஃபினைல்புரோபனோலமின் மருந்துக்கும் மூளை ரத்தக்கசிவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினாங்க. அமெரிக்க அரசு அந்த மருந்தை விற்க வேண்டாம் என்று கம்பெனிகளிடம் கேட்டுக்கொண்டது.

ஈஸ்ட்ரோஜன் ஆய்வின் முடிவு 2001-ல் வந்தது. ஏற்கெனவே பக்கவாதமோ, வந்து மறைகிற சிறு தாக்குதலோ கண்ட 664 பெண்கள். சராசரி வயது 71. சுமார் மூணு வருஷம் பின்தொடர்ந்தாங்க. மறு தாக்குதலோ இறப்போ குறையவே இல்லை. பக்கவாதத்தால் இறந்தவர்கள் மருந்து சாப்பிட்ட பக்கம்தான் அதிகம். எண்ணிக்கை சிறியது, அதனால் அடிச்சுச் சொல்ல முடியாது.

அடுத்த வருஷமே பெரிய அடி விழுந்தது. 16,608 பெண்களை வைத்து அமெரிக்க அரசு நடத்திய ஆய்வு, 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஹார்மோன் சாப்பிட்ட 10,000 பேரில் வருஷத்துக்கு 29 பேருக்குப் பக்கவாதம். சாப்பிடாதவர்களில் 21 பேருக்கு. 65 வயதைத் தாண்டியவர்களில் மறதி நோயும் இரண்டு மடங்கானது என்று 2003-ல் தெரிந்தது.

உடனே "ஹார்மோன்னாலே விஷம்" என்று எதிர்ப்பக்கம் ஓடிட்டாங்க. அதுவும் சரியில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. ஐம்பதை ஒட்டிய வயதில், உடம்பு தகிக்கும் அவஸ்தைக்காக ஹார்மோன் எடுக்கிற பெண்ணின் கணக்கு வேறு. அதை அவங்க தங்கள் டாக்டரோட உட்கார்ந்து பேசணும். மூளையைக் காப்பாத்த என்று மட்டும் அதைச் சாப்பிட ஆதாரம் இல்லை.

ப்ராஸ் 2006-ல் காலமானார். ஆனா வேலை நிற்கவில்லை. பெண்களின் பக்கவாதத் தடுப்புக்கென்றே தனி வழிகாட்டியை அமெரிக்க இதயச் சங்கம் 2014-ல் வெளியிட்டது. அந்தக் குழுவின் தலைவர் செரில் புஷ்னல் என்ற நரம்பியல் மருத்துவர். 2024-ல் வந்த புது வழிகாட்டிக்கும் அவரே தலைவர். யேல் கெர்னனும் கூடவே இருந்தார். அவங்க முக்கியமாகப் பார்க்கச் சொல்வது பிபியை. அதோடு இரண்டு பழைய கதைகளையும் கேட்கச் சொல்றாங்க: கர்ப்பத்தின்போது பிபி ஏறியதா, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதா?

நம்ம ஊரில் பிரசவத்தோடு அந்த பிபி சீட்டும் தொலைந்துபோகும். அம்மாவிடமோ அக்காவிடமோ இன்னிக்கே இந்த இரண்டையும் கேளுங்க. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது மறக்காமல் சொல்லச் சொல்லுங்க.