வட்டத்தொட்டியில் கம்பன்

1920-களின் நடுவில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், ஒரு வக்கீல் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் நண்பர்கள் கூடிக் கம்பராமாயணம் படித்தார்கள். வீட்டுக்காரர் டி. கே. சிதம்பரநாத முதலியார். பின்னாளில் தமிழ்நாடு ரசிகமணி டி.கே.சி. என்று அழைத்தது அவரைத்தான். நெல்லைச் சீமை வீடுகளில் வானம் பார்த்த நடு முற்றத்தைத் தொட்டி என்பார்கள். இந்த வீட்டில் அது வட்டமாக அமைந்திருந்ததால், அங்கே கூடியவர்களின் சபைக்கும் வட்டத்தொட்டி என்றே பெயராகிவிட்டது.

ஏடும் புத்தகமும் தாமிரபரணிக் கரைக்குப் புதியவை அல்ல. ஆழ்வார்திருநகரி நம்மாழ்வாரின் ஊர். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரரின் ஊர். குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்தை அடுத்த மேலகரத்துக்காரர். கவிராயர் குடும்பங்கள் பல தலைமுறையாகச் சுவடிகளைக் காத்துவந்தன. 1889-ல் வெளிவந்த பத்துப்பாட்டுப் பதிப்புக்காக உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிவந்தது இந்த ஊர்களுக்குத்தான். காக்கப்பட்டவற்றைப் போலவே அழிந்தவையும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் நெருப்புக்கு இரையான செய்தியை அவர் ஆறாத துயரத்தோடு எழுதிவைத்திருக்கிறார்.

அச்சு பரவிய பிறகு நூல் கிடைப்பது எளிதாயிற்று. படிக்கிற ஆள் மாறினார். இந்துக் கல்லூரியிலும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் படித்து வக்கீலாகவும் அதிகாரியாகவும் ஆன தலைமுறைக்கு, இலக்கியம் என்றால் ஷேக்ஸ்பியரும் ஷெல்லியும்தான். தமிழ்ப் பாட்டு அவர்களுக்கு இலக்கணக் குறிப்போடும் பதவுரையோடும் வந்த பாடப்பகுதி. தேர்வு முடிந்ததும் மறந்துபோவது. டி.கே.சி.யும் ஆங்கிலக் கல்வி பெற்றவரே. அதனால் அவர்களுடைய மனத்தடை எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் செய்தது மிக எளிய காரியம். ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். சந்தியைப் பிரித்து, ஓசை குலையாமல், இசையோடு சொல்வார். அந்தப் பேச்சு யாருடையது, எந்த நிலையில் வருகிறது என்று பேச்சுத் தமிழில் விளக்குவார். மறுபடி பாட்டைச் சொல்வார். அது கேட்டவர் நாவில் தானாக வந்து உட்காரும்வரை அடுத்த பாட்டுக்கு அவசரம் கிடையாது. அரும்பத விளக்கத்தைவிட உணர்ச்சிக்கும், அந்த உணர்ச்சி பிடித்துக்கொண்ட உருவத்துக்கும்தான் முதலிடம். கவிதையின் உயிர் அதன் உருவத்தில் இருப்பதால் அதை வேறு சொல்லில் மாற்றிச் சொல்ல இயலாது என்பது அவர் கடைசிவரை வலியுறுத்திய கொள்கை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட காப்பியத்தைக் கண்டு மிரண்டிருந்தவர்களுக்கு, ஒரு மாலைக்கு ஒன்றிரண்டு பாட்டு என்பது திறந்த வாசலாயிற்று.

இந்த ரசனைக்கு ஒரு விலையும் இருந்தது. காதுக்கு ஒவ்வாத பாட்டைக் கம்பர் பாடியிருக்கமாட்டார் என்று டி.கே.சி. நம்பினார். பெருந்தொகையான பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்ற அவருடைய பதிப்பு இப்படித் தெரிந்தெடுத்த பாடல்களால் ஆனது. புலவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பில் நியாயம் இருந்தது. நெல்லைச் சீமையே தந்த இன்னொரு பெரிய வாசகரான எஸ். வையாபுரிப் பிள்ளை நேர் எதிரான வழியில் நடந்தவர். அவரும் வக்கீல் தொழிலில் இருந்தவர். 1926-ல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியரானார். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காட்டாமல் ஒரு சொல்லையும் மாற்றலாகாது என்பது அவருடைய நெறி. பதிப்பைப் பொறுத்தவரை வையாபுரிப் பிள்ளையின் வழியே சரி. ஆனால் படிப்பவர் நெஞ்சில் பாட்டைத் தங்கவைத்ததில் டி.கே.சி.க்கு இணையாகச் சொல்ல அந்தக் காலத்தில் ஆள் இல்லை.

அவர் உயிராக நேசித்த மற்றொரு நூலான முத்தொள்ளாயிரத்தில் இந்த இரு வழிகளும் சந்திக்கின்றன. அந்த நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற பழைய தொகைநூலில் சேர்க்கப்பட்டதால் நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் பிழைத்தன. புறத்திரட்டை ஏடுகளைக்கொண்டு ஆராய்ந்து பதிப்பித்தவர் வையாபுரிப் பிள்ளை. முத்தொள்ளாயிர வெண்பாக்களுக்கு விளக்கம் எழுதி, பண்டிதர் அல்லாத வீடுகளுக்கும் கொண்டுபோனவர் டி.கே.சி.

1930-களின் முற்பாதியில் அறநிலைய வாரிய ஆணையராக அவர் சென்னையில் இருந்தார். பிறகு குற்றாலத்தில் குடியேறியபோது வட்டத்தொட்டியும் உடன் போயிற்று. ராஜாஜியும் கல்கியும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அங்கே விருந்தினர்கள். சாரல் காலத்தில் அருவிக் குளியலும் கம்பனும் விருந்தும் சேர்ந்தே நடந்தன. நேரில் வர இயலாதவர்களுக்குக் கடிதங்கள் போயின. அவற்றிலும் ஒரு பாட்டோ ஒரு நயமோ இருக்கும். பின்னால் அவை நூலாகவும் வந்தன.

தொடர்ந்து வந்த தலைமுறையில் அந்தப் படிப்பின் தடம் தெளிவாகத் தெரிகிறது. நெல்லைக்காரரான தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் வருவாய்த்துறை அதிகாரியாக இருந்துகொண்டே கம்பனைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் எழுதினார். ‘வேங்கடம் முதல் குமரி வரை’ அவருடைய நூல்வரிசை. 1951-ல் தஞ்சாவூர்க் கலைக்கூடம் உருவானதும் அவர் முயற்சியால்தான். ஆங்கிலப் பேராசிரியரான அ. சீனிவாசராகவன் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி முதல்வராக இருந்தவர். ‘வெள்ளைப் பறவை’ கவிதைத் தொகுதிக்காக 1968-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், மாக்பெத், லியர் மன்னன் நாடகங்களைத் தமிழாக்கினார். டி.கே.சி. 1954-ல் குற்றாலத்தில் மறைந்தார். கம்பனை வெளிமாநில வாசகருக்கு அறிமுகப்படுத்தும் ஆங்கில நூலைச் சாகித்திய அகாதெமிக்காக எழுதியவரும் அவருடைய சீடரான அதே மகராஜன்தான்.