கற்பனை உலகச் சிறுமோதல் விளையாட்டு

மேசைமீது சிறு உருவங்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளில் ஒரு வகை. ஆளுக்குப் பத்துப் பதினைந்து உருவங்கள் இருந்தால் ஆட்டம் நடக்கும். ஒவ்வோர் உருவமும் தனி ஆளாக நகரும், தனியாக அடிபடும். பெரும்பாலும் அதற்கென்று ஒரு பெயரும் வைத்திருப்பார்கள். படைப்பிரிவுகளை வரிசை வரிசையாக நிறுத்தும் பெரும்போர் ஆட்டங்களில் இது கிடையாது. களத்தில் மந்திரவாதி, குள்ளர், எலிமனிதர், கல்லறையிலிருந்து எழுந்து வந்த பிணம் என யாரும் இருக்கலாம். பல நாடுகளில் ஆடப்பட்டாலும், இன்று நாம் அறிந்த வடிவம் பெரிதும் பிரிட்டனில் உருவானது. அங்கு ஊருக்கு ஊர் வாரம் ஒரு மாலை கூடும் ஆட்டக் கிளப்புகளைப் பார்க்காமல் இந்த விளையாட்டின் விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று புரிந்துகொள்வது கடினம்.

தோற்றம்

பொம்மை வீரர்களைக் கொண்டு விதிப்படி போர் நடத்துவதைப் பெரியவர்களின் பொழுதுபோக்காக்கியதில் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸுக்குப் பங்குண்டு. 1913இல் வெளியான அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் வீட்டுத் தரைதான் களம். சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் எதிரியின் வீரர்களைக் குறிபார்த்துச் சாய்க்க வேண்டும். மந்திரமும் டிராகனும் பரவலாக வந்து சேர்ந்தது 1971இல். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரெனும் எழுதிய ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிநூலில், கற்பனை உயிர்களுக்கான பகுதி ஒன்று பின்னிணைப்பாக இருந்தது. அதிலிருந்து கிளைத்து 1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கதை சொல்லும் பாதையில் போனது. சிறுமோதல் ஆட்டம் அளவுநாடாவைக் கைவிடவில்லை. கதை இதிலும் உண்டு, ஆனால் கதைசொல்லி இல்லை. பகடையும் எதிராளியும் சேர்ந்து கதையைக் கட்டுகிறார்கள்.

பிரிட்டனில் 1975இல் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் ‘வார்ஹாமர்’ ஆட்டத்தை வெளியிட்டது. நிறுவனம் நாட்டிங்காம் நகரில் நிலைகொண்டதும், உருவங்களைச் செதுக்குவோரும் வார்ப்போரும் அந்த வட்டாரத்தில் பெருகினர். அதே நிறுவனம் 1999இல் கொண்டுவந்த ‘மார்ட்ஹைம்’ இந்த வகையின் முன்மாதிரி ஆயிற்று. டுவோமாஸ் பிரினென், அலெஸியோ கவடோரே, ரிக் பிரீஸ்ட்லி ஆகியோர் அதை உருவாக்கினர். வால்மீன் விழுந்து பாழான நகரம் ஒன்று. இடிபாடுகளில் சிதறிக் கிடக்கும் மந்திரக் கற்களுக்காகக் கூலிப்படைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. 500 பொற்காசுகளில் குழுவை அமைக்க வேண்டும். குழுவில் கால்பங்கு வீழ்ந்துவிட்டால் எஞ்சியவர்கள் ஓடிவிடுவார்களா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். தோல்வி உறுதியானதும் தானே பின்வாங்கி மிச்ச ஆட்களைக் காப்பாற்றிக்கொள்வதும் ஒரு திறமைதான். நிறுவனம் பின்னாளில் இந்த ஆட்டத்தைக் கைவிட்டது. கிளப்புகள் கைவிடவில்லை.

2015இல் ஆஸ்ப்ரே பதிப்பகம் வெளியிட்ட ‘ஃப்ராஸ்ட்கிரேவ்’ இரண்டாவது பெரிய திருப்பம். எழுதியவர் ஜோசப் மெக்கல்லோ. இரண்டாம் பதிப்பு 2020இல் வந்தது. இன்ன நிறுவனத்தின் உருவங்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. எங்கோ வாங்கி அலமாரியில் தூங்கிய உருவங்களும் களமிறங்கலாம். ஆட்டம் வேகமாகப் பரவியதற்கு விதிகளின் நேர்த்தியைவிட இந்தத் தாராளம்தான் பெரிய காரணம் என்று சொல்லலாம்.

கிளப் மாலை

பிரிட்டிஷ் ஆட்டக் கிளப்புகள் பலவற்றுக்குச் சொந்த இடம் கிடையாது. தேவாலயக் கூடம், சமூகக்கூடம், மதுக்கூடத்தின் மாடியறை என எதையாவது வாடகைக்கு எடுத்து, செலவை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வேலை முடிந்து வந்து சேர ஏழு மணி ஆகும். பத்தரைக்குள் நாற்காலிகளை அடுக்கிவிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மணிச் சொச்சத்தில் நூற்றுக்கணக்கான உருவங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கவே கணிசமான நேரம் போய்விடும். சிறுமோதல் குழு ஒரு சிறிய டப்பாவில் அடங்கும். ஓர் ஆட்டம் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடியும். புதிதாக வந்தவருக்குப் பத்து உருவங்களை இரவல் கொடுத்து அன்றே ஆட வைக்கலாம். வண்ணம் தீட்டுவோருக்கும் இது வசதி: பத்து உருவங்களை ஒரு மாதத்தில் முடித்துவிடலாம், இருநூறு என்றால் பாதியில் தூரிகை காய்ந்துவிடும்.

உருவங்களில் மிச்சமாகும் செலவு கட்டடங்களில் திரும்பி வந்துவிடும். பெரும்போருக்கு ஒரு குன்றும் இரண்டு தோப்பும் போதும். சிறுமோதலுக்கு மூன்றடிச் சதுர மேசை முழுக்க இடிந்த சுவர், மாடிப்படி, பாலம், சந்து எல்லாம் நெருக்கமாக வேண்டும். வெட்டவெளியாக விட்டால் வில்லாளிகள் வைத்ததுதான் சட்டம். மற்றவர்கள் நடந்துபோய்ச் சாக வேண்டியதுதான். அவ்வளவு கட்டடங்களையும் தனியாள் செய்வதும் சுமந்து வருவதும் கடினம். ஆகவே தெர்மோகோல், அட்டை, மெல்லிய மரப்பலகை ஆகியவற்றால் உறுப்பினர்கள் ஆண்டுக்கணக்கில் செய்து சேர்த்தவை கிளப்பின் பொதுச் சொத்தாகக் கூடத்தின் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். ஒரு கிளப்பின் தரத்தை அறிய அந்த அலமாரியைத் திறந்து பார்த்தால் போதும்.

ஆட்ட முறை

ஃப்ராஸ்ட்கிரேவையே எடுத்துக்கொள்வோம். ஃபெல்ஸ்டாட் என்ற மந்திர நகரம் ஆயிரம் ஆண்டுகள் பனியில் உறைந்து கிடந்து, இப்போது உருகத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு மந்திரவாதி. உடன் ஒரு சீடனும் எட்டுவரை வீரர்களும் இருக்கலாம். மந்திரப் பள்ளிகள் பத்து. சொந்தப் பள்ளியில் மூன்று, பிற பள்ளிகளில் ஐந்து என எட்டு மந்திரங்களோடு மந்திரவாதி புறப்படுகிறார். நோக்கம் எதிரியை அழிப்பதன்று. மேசையில் வைத்திருக்கும் புதையல்களைத் தூக்கிக்கொண்டு ஓரம் வழியாக வெளியேறுவது. புதையலைச் சுமப்பவர் பாதி வேகத்தில்தான் நகர முடியும். ஆட்டத்தின் பதற்றம் முழுவதும் இந்த ஒரு விதியில் இருக்கிறது.

முதலில் யார் என்பதைப் பகடை முடிவு செய்யும். பிறகு மந்திரவாதிகள், சீடர்கள், எஞ்சிய வீரர்கள், எவருக்கும் சொந்தமில்லாத கொடிய உயிர்கள் என்ற வரிசையில் நகர்வுகள் நடக்கும். மந்திரவாதி தன்னருகே 3 அங்குலத்துக்குள் நிற்கும் மூன்று வீரர்களைத் தன்னோடு சேர்த்து நகர்த்தலாம். ஆகவே மந்திரவாதியை எங்கே நிறுத்துவது என்பது எப்போதும் தலைவலி. மந்திரம் ஓதுவதும் இருபது முகப் பகடையில்தான். குறித்த எண்ணுக்கு மிகவும் கீழே விழுந்தால் ஓதியவருக்கே காயம். உயிர்ப்புள்ளிகளைச் செலவழித்து விழுந்த எண்ணை உயர்த்தவும் வழியுண்டு.

கைகலப்பில் இருவரும் பகடை உருட்டித் தத்தம் சண்டைத்திறனைக் கூட்டுவார்கள். அதிக எண் வென்றவருடையது. அதிலிருந்து தோற்றவரின் கவச எண்ணைக் கழித்தால் வருவது காயம். சமமானால் இருவருக்கும் அடி. எளிய முறைதான், ஆனால் இருபது முகப் பகடை கொடூரமானது. மாவீரனின் திறன் 4, சாதாரண அடியாளின் திறன் 2. கணக்குப் போட்டால் மாவீரன் 100க்கு 57 முறைதான் தனியாக வெல்வான். 38 முறை அடியாள் வெல்கிறான். சதுரங்கம்போல் திட்டமிட்டு ஆட வருபவர்கள் இதைக் கண்டு எரிச்சலடைவதில் நியாயமுண்டு. அதே விதிதான் முதல்நாள் வந்தவரும் பழம்பெருச்சாளியை வீழ்த்தக் காரணம். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பதும் அத்தகைய தருணங்களில்தான்.

தொடராட்டம்

தனி ஆட்டமாக ஆடலாம் என்றாலும் வாரக்கணக்கில் நீளும் தொடராக ஆடும்போதே இது முழுமை பெறுகிறது. ஆட்டம் முடிந்ததும் வீழ்ந்த ஒவ்வொரு வீரனுக்கும் பகடை உருட்டப்படும்: 1 முதல் 4 வரை சாவு, 5 முதல் 8 வரை பலத்த காயம், அடுத்த ஆட்டத்தில் இடமில்லை, அதற்குமேல் பிழைப்பு. மந்திரவாதிக்கு நூறு அனுபவப் புள்ளிக்கு ஒரு படி உயர்வு. புதையல்கள் பொன்னாக, மந்திர ஏடுகளாக, ஆயுதங்களாக மாறும். நொண்டிக்கொண்டே அடுத்த வாரம் வரும் மந்திரவாதிகளும் உண்டு.

தொடராட்டத்தின் தீராத சிக்கல், வென்றவர் மேலும் வலுப்பதும் தோற்றவர் மேலும் மெலிவதும். ஆறாம் வாரத்தில் ஒருவர் எவராலும் தொடமுடியாத மந்திரவாதியாகிவிட, நான்கு பேர் ஆட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடும் அபாயம் உண்டு. மார்ட்ஹைம் இதற்கு, தன்னைவிட வலிய குழுவை எதிர்ப்பவருக்குக் கூடுதல் அனுபவம் கொடுத்தது. ஃப்ராஸ்ட்கிரேவின் இரண்டாம் பதிப்பு வேறு வழியில் போனது: விலையுயர்ந்த சிறப்பு வீரர்கள் நால்வருக்குமேல் கூடாது, சாதாரண அடியாட்களுக்கும் திருடர்களுக்கும் காசே இல்லை. எவ்வளவு நொந்தவரும் அடுத்த வாரம் முழுக் குழுவோடு வந்துவிடலாம். பின்னதே நல்ல தீர்வு. முன்னது, இளைத்தவர் தொடர்ந்து ஆட வருவார் என்று நம்பியிருந்தது.

விதிநூல் எட்டாத இடத்தில் தொடரை நடத்துபவர் கைகொடுக்க வேண்டும். இரண்டு வாரம் வராதவருக்குக் கொஞ்சம் பொன் கொடுப்பது, பலசாலியைப் பலசாலியோடு மோதவிடுவது, தொடரை எட்டு வாரத்தில் முடித்துவிடுவது போன்றவை அவர் கையிலிருக்கும் வழிகள். வந்தவர்கள் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் மூவர் ஒரே மேசையில் ஆடுவார்கள். அப்போது இருவர் சேர்ந்து மூன்றாமவரைச் சாய்ப்பது வழக்கம். புதையல்தான் இலக்கு என்பதால் இந்தக் கூட்டணி நீடிப்பதில்லை. நடுமேசைப் புதையலை ஒருவர் தொட்ட நொடியில் மற்றவர் முதுகில் அம்பு பாயும்.