கணையப் புற்றுநோய்: நோயறிதல், சிகிச்சை, உயிர்பிழைப்பு குறித்த ஆய்வுகள்

கணையப் புற்றுநோய், இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் கணையச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயாகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5,11,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 4,67,000 பேர் இந்நோயால் இறந்தனர். புதிய நோயாளிகளின் எண்ணிக்கைப்படி பல புற்றுநோய்களுக்குப் பின்னால் நிற்கும் இந்நோய், புற்றுநோய் இறப்புகளில் உலக அளவில் ஆறாம் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலோருக்கு நோய் பரவிய பிறகே தெரியவருவதும், கட்டி மருந்துகளுக்கு எளிதில் பணியாததும் இதற்கு இரு முதன்மைக் காரணங்கள்.

உறுப்பும் நோய் வகைகளும்

கணையம் சுமார் 15 செ.மீ. நீளமுள்ளது. அதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும். வால்பகுதி மண்ணீரல் வரை நீளும். செரிமான நொதிகளைச் சுரந்து குடலுக்கு அனுப்புவது இதன் ஒரு வேலை. இன்சுலின் போன்ற ஹார்மோன்களை ரத்தத்தில் கலப்பது மற்றொன்று. நொதிகளைக் கொண்டுசெல்லும் நாளங்களின் உட்சுவரில் எழும் நாளச் சுரப்பிப் புற்றுநோயே பத்தில் ஒன்பது நோயாளிகளிடம் காணப்படுகிறது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் எழும் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள் அரியவை, பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டறியப்பட்டது இந்த இரண்டாம் வகைதான். அவர் 2011 வரை வாழ்ந்தார். இரண்டின் போக்கும் சிகிச்சையும் வேறு. இக்கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

நோய் உருவாகும் விதம்

இப்புற்றுநோயில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் கேராஸ் என்னும் மரபணு பிறழ்ந்திருக்கிறது. செல்லை வளரத் தூண்டும் புரதத்தை உருவாக்குவது இந்த மரபணு. பிறழ்வு நேர்ந்தால் அந்தத் தூண்டுதல் அணையாமல் நீடிக்கும். இதையடுத்து சி.டி.கே.என்.2ஏ, டி.பி.53, ஸ்மாட்4 ஆகிய தடுப்பு மரபணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. நாளச்சுவரில் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் சிறு மாற்றங்கள் படிப்படியாகப் புற்றாக முதிர்கின்றன.

இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழுவினர் 2010இல் நேச்சர் இதழில் கணக்கிட்டுக் காட்டினர். இறந்த நோயாளிகளின் முதன்மைக் கட்டியிலும் அது பரவிய இடங்களிலும் இருந்த மரபணுப் பிறழ்வுகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். முதல் பிறழ்வு நேர்ந்ததிலிருந்து புற்றுச் செல் பிறக்கக் குறைந்தது பத்து ஆண்டுகள். அச்செல்லின் வழிவந்தவை பிற உறுப்புகளுக்குப் பரவும் திறனைப் பெற மேலும் ஐந்து ஆண்டுகளாவது ஆகிறது. அதன்பின் சராசரியாக இரண்டே ஆண்டுகளில் இறப்பு. நோய் மின்னல் வேகத்தில் வருவது என்ற பழைய கருத்தை இக்கணக்கு மாற்றியது. நோயைப் பிடிப்பதற்குக் காலம் இருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் நோய் வெளியே தெரிவதில்லை என்பதே சிக்கல்.

ஆபத்துக் காரணிகள்

வயது முதன்மையானது, பெரும்பாலான நோயாளிகள் 60 வயதைக் கடந்தவர்கள். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. உடற்பருமன், நீண்டகால நீரிழிவு, மிகையான மது, நாள்பட்ட கணைய அழற்சி ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. நோயாளிகளில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு மரபுவழித் தொடர்பு உண்டு. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவின் பிறழ்வு இவற்றுள் முக்கியமானது. மரபுவழிக் கணைய அழற்சி உள்ளவர்களில் 70 வயதுக்குள் சுமார் 40 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் வருவதாக 1997இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

தென்னிந்தியாவுக்கு இதில் தனி இடம் உண்டு. இளம் வயதிலேயே வயிற்றுவலியோடு தொடங்கி, கணைய நாளங்களில் கற்கள் படிந்து, பின்னர் நீரிழிவில் முடியும் வெப்பமண்டலக் கணைய அழற்சி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் விரிவாக ஆராயப்பட்டது. சென்னை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, சுரேஷ் சாரி, வி. மோகன், சி. எஸ். பிச்சுமணி, மு. விசுவநாதன் உள்ளிட்டோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு, இவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் நூறு மடங்கு அதிகம் எனக் கண்டது.

அறிகுறிகள்

கட்டி தலைப்பகுதியில் இருந்தால் பித்தநாளத்தை அழுத்தி மஞ்சள் காமாலையை உண்டாக்கும். சிறுநீர் கருமஞ்சளாகும், மலம் வெளிறும், உடல் அரிக்கும். வலியில்லாத காமாலையோடு பித்தப்பை கைக்குத் தட்டுப்பட்டால் அது கல் அடைப்பாக இருக்க வாய்ப்பு குறைவு என்று சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் குர்வாசியே 1890இல் எழுதியது இன்றும் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். உடலிலும் வாலிலும் தோன்றும் கட்டிகளுக்கு இந்த எச்சரிக்கையும் கிடையாது. மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலி, பசியின்மை, உடல் மெலிவு, காரணமின்றிக் காலில் ரத்தம் உறைதல், நடுவயதுக்குப் பின் திடீரென வரும் நீரிழிவு ஆகியவை அவற்றின் அடையாளங்கள். இவை பல நோய்களுக்கும் பொதுவானவை என்பதால், அல்சருக்கும் முதுகுவலிக்கும் மருந்து சாப்பிட்டே மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு.

நோயறிதல்

அடிப்படைப் பரிசோதனை, கணையத்துக்கென்றே நேரம் கணித்து எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன். நரம்பில் சாய மருந்தைச் செலுத்தியபின் கணையம் பளிச்சென ஒளிரும் கட்டத்தில் ஒரு முறையும், கல்லீரலும் சிரைகளும் தெளிவாகும் கட்டத்தில் மறு முறையும் படம் எடுக்கிறார்கள். ரத்த ஓட்டம் குறைந்த கட்டி, ஒளிரும் கணையத்துக்கு நடுவே மங்கிய நிழலாகத் தெரியும். அடுத்து மருத்துவர் பார்ப்பது குடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மேல் குடல்தாங்கித் தமனியை. கட்டி அதைத் தொடவில்லையென்றால் அறுவைக்கு வாய்ப்புண்டு. தமனியின் சுற்றளவில் பாதி வரை தொட்டிருந்தால் எல்லைக்கோட்டு நிலை. பாதிக்கு மேல் சுற்றி வளைத்திருந்தால், பொதுவாக அறுவைக்கு அப்பாற்பட்ட நிலையாகக் கருதப்படும்.

எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்தி, இரைப்பைக்குள்ளிருந்தே கணையத்தைப் பார்த்து ஊசியால் திசு எடுக்கும் முறை 1990களில் பரவியது. ஸ்கேனில் தெரியாத சிறு கட்டிகளையும் இது காட்டிக்கொடுக்கும். ரத்தப் பரிசோதனையில் பயன்படும் சிஏ 19-9 என்னும் குறிப்பானை, பிலடெல்பியா விஸ்டார் நிறுவனத்தின் ஹிலாரி கோப்ரோவ்ஸ்கி குழுவினர் 1979இல் அறிமுகப்படுத்தினர். சிகிச்சை பலனளிக்கிறதா எனக் கண்காணிக்க இது உதவும். பித்தநாள அடைப்பு எதுவானாலும் இதன் அளவு உயரும். மக்களில் 5 முதல் 10 சதவீதத்தினரின் உடல் இதை உற்பத்தி செய்வதே இல்லை. ஆகவே நோயைக் கண்டறியும் ஒற்றைச் சோதனையாக இதை நம்ப முடியாது.

அறுவை சிகிச்சை

நோயைக் குணப்படுத்தும் வாய்ப்புள்ள வழி அறுவை ஒன்றே. கண்டறியப்படும் நேரத்தில் 15 முதல் 20 சதவீதம் பேரே அதற்கு ஏற்ற நிலையில் இருக்கிறார்கள். தலைப்பகுதிக் கட்டிக்குச் செய்யப்படும் அறுவையை பெர்லினில் வால்டர் கவுஷ் 1909இல் இரு கட்டங்களாகச் செய்தார். நியூயார்க்கின் ஆலன் விப்பிள் 1935இல் அதை வளர்த்தெடுத்து வெளியிட்டதால் ‘விப்பிள் அறுவை’ என்ற பெயர் நிலைத்தது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, பெரும்பாலும் இரைப்பையின் ஒரு பகுதி ஆகியவை அகற்றப்படும். பிறகு மிஞ்சிய கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றும் தனித்தனியே சிறுகுடலோடு இணைக்கப்படும். மூன்றில் கணைய இணைப்பே ஆபத்தானது. அங்கே கசிவு ஏற்பட்டால் நொதிகள் சுற்றியுள்ள திசுக்களையும் ரத்தக் குழாய்களையும் அரிக்கத் தொடங்கும்.

ஒரு காலத்தில் இந்த அறுவைக்குப் பின் நான்கில் ஒருவர் மருத்துவமனையிலேயே இறந்தார். இதைவிடப் பித்த அடைப்பை மட்டும் நீக்கும் மாற்றுவழி அறுவையே மேல் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கிரைல் 1970இல் வாதிட்டார். நிலைமையை மாற்றியது அனுபவம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் கேமரன் குழுவினர் தொடர்ச்சியாக 145 பேருக்கு ஓர் இறப்புமின்றி இந்த அறுவையைச் செய்து 1993இல் வெளியிட்டனர். அமெரிக்க மருத்துவமனைகளை 2002இல் ஒப்பிட்டபோது, கணைய அறுவையை மிக அரிதாகச் செய்யும் இடங்களில் இறப்பு 16.3 சதவீதமாகவும், மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8 சதவீதமாகவும் இருந்தது. இதன்பின் பல நாடுகளில் இந்த அறுவை பெரிய மையங்களில் குவிக்கப்பட்டது.

கீமோதெரபியும் கதிர்வீச்சும்

பரவிய நோய்க்கு முதலில் பலன் காட்டிய மருந்து ஜெம்சிடபின். 1997இல் வெளியான ஆய்வில், பழைய மருந்து பெற்றவர்களில் 2 சதவீதம் பேரும் ஜெம்சிடபின் பெற்றவர்களில் 18 சதவீதம் பேரும் ஓராண்டைத் தாண்டினர். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஃபோல்ஃபிரினாக்ஸ் முறையை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர். நோயாளிகளில் பாதிப் பேர் தாண்டும் இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமானது. பக்கவிளைவுகள் கடுமையானவை என்பதால் உடல் திடமாக இருப்பவர்களுக்கே இம்முறை பொருந்தும். ஜெம்சிடபினோடு நாப்-பாக்ளிடாக்செல் சேர்க்கும் முறை 2013இல் வந்தது.

பெரிய முன்னேற்றம் அறுவைக்குப் பிந்தைய மருந்தில் கிடைத்தது. அறுவையோடு நிறுத்தினால் பெரும்பாலோருக்கு நோய் திரும்புகிறது. ஐரோப்பிய ஆய்வொன்றில் (2004) அறுவைக்குப் பின் கீமோதெரபி பெற்றவர்களில் 21 சதவீதமும், பெறாதவர்களில் 8 சதவீதமும் ஐந்தாண்டு வாழ்ந்தனர். 2018இல் வெளியான ஆய்வில், சற்றுத் தணித்த ஃபோல்ஃபிரினாக்ஸ் பெற்றவர்களின் இடைநிலைக் காலம் 54.4 மாதமாகவும், ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களின் காலம் 35 மாதமாகவும் இருந்தது. அறுவைக்கு முன்பே மருந்தும் கதிர்வீச்சும் கொடுப்பது எல்லைக்கோட்டு நிலையினருக்கு இன்று பரவலான வழக்கம். நெதர்லாந்து ஆய்வில் அவ்வாறு பெற்றவர்களின் ஐந்தாண்டு விகிதம் 20.5 சதவீதம், நேரடியாக அறுவைக்குச் சென்றவர்களுடையது 6.5 சதவீதம்.

மரபணுவைக் குறிவைக்கும் மருந்துகள்

பிறவியிலேயே பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு உள்ளவர்களுக்கு ஒலாபரிப் மாத்திரை நோய் முற்றுவதை 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதத்துக்குத் தள்ளிப்போட்டதாக 2019இல் தெரிந்தது. ஆனால் மொத்த ஆயுட்காலம் கூடவில்லை. கேராஸ் புரதத்தில் மருந்து ஒட்ட இடமில்லை என்றே முப்பது ஆண்டுகளாக நம்பப்பட்டது. கலிபோர்னியாவின் கெவன் ஷோகட் குழுவினர் 2013இல் ஜி12சி என்ற பிறழ்வில் அப்படியோர் இடுக்கைக் கண்டறிந்தனர். அதன் வழியே சோடோரசிப் பிறந்தது. ஆனால் கணையப் புற்றுநோயில் இப்பிறழ்வு 1 அல்லது 2 சதவீதமே. மிகுதியாக உள்ளது ஜி12டி. கேராஸ் உள்ளிட்ட ராஸ் குடும்பத்தின் பல்வகைப் பிறழ்வுகளையும் ஒருசேரத் தடுக்கும் டாராக்சன்ராசிப் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை 2024இல் தொடங்கியது.

தடுமாறிய வழிகளும் தடுப்பூசியும்

கட்டியின் பெரும்பகுதி புற்றுச் செல்கள் அல்ல. அவற்றைச் சூழ்ந்த நார்த்திசு. அதைக் கரைத்தால் மருந்து உள்ளே போகும் என்ற எண்ணம் ஆய்வுக்கூட எலிகளில் பலித்தது, மனிதர்களிடம் பலிக்கவில்லை. 2014இல் வெளியான இரு எலி ஆய்வுகள், நார்த்திசுவை நீக்கினால் புற்று மேலும் மூர்க்கமாகலாம் எனக் காட்டின. பிற புற்றுநோய்களில் வெற்றி கண்ட இம்யூனோதெரபியும் இங்கே ஏறத்தாழ ஒரு சதவீத நோயாளிகளுக்கே உதவுகிறது.

நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் வினோத் பாலச்சந்திரன் குழுவினர், அறுவையில் அகற்றிய கட்டியின் பிறழ்வுகளைப் படித்து ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி தயாரித்தனர். 16 பேரில் 8 பேரின் நோய் எதிர்ப்புச் செல்கள் அதற்கு எதிர்வினை காட்டியதாக 2023இல் அறிவித்தனர். அந்த எட்டுப் பேருக்கு நோய் திரும்புவது தாமதமானது. தடுப்பூசி இல்லாத ஒப்பீட்டுக் குழுவோடு பெரிய அளவில் சோதித்தால்தான் இது உறுதிப்படும்.

உயிர்பிழைப்பு விகிதம்

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கைப்படி ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதம் 13 சதவீதம். 1970களின் நடுவில் 3 சதவீதம். மெதுவாக வளரும் நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளும் இதில் அடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றை விலக்கினால் விகிதம் சுமார் 8 சதவீதமாகக் குறையும். கணையத்துக்குள் நிற்கும் நிலையில் பிடிபட்டவர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள். தொலைவில் பரவியபின் தெரியவந்தவர்களில் 3 சதவீதம். இதுவரை வந்த எந்த மருந்தும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கியதில்லை.

ஆயுளை நீட்டுவதோடு, இருக்கும் காலத்தை வலியின்றிக் கழிப்பதும் சிகிச்சையின் பகுதி. அடைபட்ட பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைப்பது, உணவோடு கணைய நொதி மாத்திரை கொடுப்பது, வயிற்று நரம்புப் பின்னலில் மருந்து செலுத்தி வலியைத் தணிப்பது ஆகியவை இதில் அடங்கும்.

முன்கூட்டியே கண்டறிதல்

நோயைத் தொடக்கத்திலேயே பிடிப்பது இவ்வளவு பலன் தருமென்றால், எல்லோரையும் ஏன் சோதிக்கக் கூடாது? அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 13 பேருக்கு இந்நோய் வருகிறது. நோயற்றவர்களில் 99 சதவீதத்தினருக்குச் சரியான முடிவு தரும் சோதனையைக்கூட லட்சம் பேருக்குச் செய்தால், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். அந்த ஆயிரம் பேரும் ஸ்கேன், ஊசி, சிலர் அறுவை வரை போக நேரிடும். அறிகுறியற்ற பொதுமக்களுக்கு இச்சோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2019இல் மீண்டும் பரிந்துரைத்தது இதனால்தான்.

ஆகவே ஆய்வு, ஆபத்து மிகுந்த சிறு குழுக்களைத் தேடிப் போகிறது. குடும்ப வரலாறோ மரபணுப் பிறழ்வோ உள்ளவர்களை ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்ட் மூலம் கண்காணிக்கும் அமெரிக்கத் திட்டத்தின் முடிவுகள் 2022இல் வந்தன. கண்காணிப்பில் புற்று பிடிபட்ட ஒன்பது பேரில் ஏழு பேருக்கு நோய் முதல் நிலையில் இருந்தது. இரண்டாவது குழு, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாக நீரிழிவு வந்தவர்கள். சென்னை ஆய்வில் பங்கேற்ற சுரேஷ் சாரி, பின்னர் மேயோ கிளினிக்கில் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இவர்களில் 0.85 சதவீதம் பேருக்கு மூன்றாண்டுக்குள் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இந்த விகிதமும் சிறியதே என்பதால் எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க முடியாது. நீரிழிவு வந்த வயது, எடைக் குறைவு, சர்க்கரை உயர்ந்த வேகம் ஆகிய மூன்றையும் கூட்டி மதிப்பெண் போட்டு, மிக ஆபத்தானவர்களை மட்டும் பிரித்தெடுக்கும் முறையை அவரது குழு 2018இல் வெளியிட்டது. எடை கூடியபடி வரும் வழக்கமான நீரிழிவுக்கு அதில் மதிப்பெண் குறைவு. எடை இறங்கிக்கொண்டே சர்க்கரை ஏறினால் மதிப்பெண் கூடும்.