சுண்ணாம்பும் சட்டமும்

பங்குனி மாதத்துக் காலை. பூவிருந்தவல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில், சாலையோரமாய் அமர்ந்து, பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார் முதியவர் ஒருவர். பள்ளிக்கு நம்மோடு நடந்துவந்த மாணவன் கேட்டான்: “ஐயா, கள்ளும் பனையிலிருந்துதானே வருகிறது? அதை இறக்கினால் சிறை. இதை இறக்கினால் பிழைப்பு. ஏன்?”

விடை கூற வாயெடுத்தோம், வரவில்லை. அன்றிரவு ஏடுகளைப் புரட்டினோம். சிறுவனின் கேள்வி சிறியதன்று என்பது புலனாயிற்று.

மரம் ஒன்றே. பாளையும் ஒன்றே. ஏறுபவரும் ஒருவரே. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிடில் கள். பாளையினின்று சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை உண்டு. பாளையிலும் காற்றிலும் வாழும் ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் அச்சர்க்கரையை உண்டு சாராயமாக்குகிறது. சில மணி நேரத்தில் இனிப்புக் குன்றும், நுரை பொங்கும், போதை ஏறும். சுண்ணாம்பின் காரமோ அந்நுண்ணுயிரை முடக்கி, சர்க்கரையைக் காத்து நிற்கும். அதனாற்றான் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்க முடிகிறது. இதில் தெய்வச் செயலும் இல்லை, பேய்ச் செயலும் இல்லை, வேதியியல் இருக்கிறது!

ஏட்டுக் கல்வி எட்டாத நாளிலேயே இந்த வேதியியலைக் கையால் அறிந்திருந்தான் பனையேறி. அவனைத்தான் மரமேறி என்று இழித்துக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியது சாதிச் சமூகம். அவன் காய்ச்சிய கருப்பட்டியை மட்டும் தன் அடுக்களைக்குள் அழைத்துக்கொண்டது!

தொழிலாளி கண்ட அறிவைச் சட்டம் எதற்குப் பயன்படுத்திற்று? 1886இல் வந்தது சென்னை அப்காரிச் சட்டம். கள் இறக்கும் மரத்துக்கு வெள்ளையர் அரசு வரி விதித்தது. சுண்ணாம்புக் கலயம் தொங்கும் மரம் அவ்வரிக்குத் தப்பிற்று. சுண்ணாம்பு அன்று வரிக்கணக்கன் வகுத்த கோடு. குடிப்பவன் வயிற்றில் என்ன இறங்குகிறது என்பதைக் காட்டிலும், கருவூலத்தில் என்ன சேருகிறது என்பதே அதன் கவலை.

1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு பிறந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவிற்று. வரிக்கோடு குற்றக்கோடாக மாறியது! சுண்ணாம்பு பூசாத கலயம் மரத்தில் தொங்கினால், அதுவே ஏறியவனுக்கு எதிரான சாட்சி. 1971இல் தடை தளர்ந்தது; சில ஆண்டுகளிலேயே மீண்டும் இறுகியது. 1981இல் திறந்த கள்ளுக்கடைகள் 1987 சனவரி முதல் நாளோடு மூடப்பட்டன. 2003இலோ புட்டி மதுவின் சில்லறை விற்பனையை அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. கலயத்துக்குக் கதவடைப்பு, புட்டிக்குக் கடைதிறப்பு! கள்ளுக்காக வாதாடுவதன்று நம் நோக்கம். குடியால் குலைந்த குடும்பங்களைத் தினம் வகுப்பறையில் காண்பவர் நாம். குடிக்கும் பொருளைப் பற்றிய விதி யாருக்காக எழுதப்படுகிறது என்பதே நாம் எழுப்பும் வினா.

பிற நாடுகளின் வரலாற்றைப் பார்ப்போம். திராட்சை மதுவின் புளிப்பை மறைக்க ஈயக் கலவை சேர்ப்பது ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கம். குடித்தவர் வயிற்று வலியால் துடித்தனர். விதி என்றனர் சிலர். வினை என்றனர் சிலர். செருமனியின் உல்ம் நகரத்து மருத்துவர் எபர்ஹார்டு காக்கெல், நோயாளிகள் பருகிய மதுவையே ஆராய்ந்து, ஈயமே காரணம் என்று காட்டினார். 1696இல் வூர்ட்டம்பெர்க்குச் சிற்றரசு மதுவில் ஈயம் சேர்ப்பதைத் தடை செய்தது. அறிவு கண்டது, ஆணை பிறந்தது, உயிர் பிழைத்தது.

பிரான்சில் திராட்சைக் கொடிகளைப் பூச்சி அழித்தபோது, உலர்ந்த திராட்சையையும் சர்க்கரை நீரையும் கொண்டு போலி மது பெருகிற்று. புதிய திராட்சையில் புளித்து வருவதே ஒயின் என்று 1889இல் ஒரு சட்டம் பொருள் வரையறுத்தது. எழுத்திலிருந்த சட்டம் செயலில் இல்லை. 1907இல் தென்பிரான்சின் உழவர் இலட்சக்கணக்கில் திரண்டனர். நார்பொன் நகரில் படையின் குண்டுக்கு உயிர்கள் பலியாயின. அதன் பிறகே, நீரும் சர்க்கரையும் கூட்டிப் பெருக்குவதை ஒடுக்கும் கடுமையான சட்டம் வந்தது. உழைப்பவன் கேட்டதால் விதி உயிர் பெற்றது!

இனி, இதற்கு நேர்மாறான கதை. தொழிற்சாலைக்கு வேண்டிய சாராயத்தை வரியின்றித் தர 1855இல் இசைந்தது பிரிட்டன். அதை எவரும் குடித்துவிட்டால் வரி இழப்பாகுமே! எனவே ஒன்பது பங்கு சாராயத்தில் ஒரு பங்கு மரச்சாராயம் கலக்கச் சொன்னது. அந்த மரச்சாராயத்தின் சாரந்தான் மெத்தனால். மதுவிலக்கு நிலவிய அமெரிக்காவில், தொழிற்சாலைச் சாராயம் குடியர்க்குப் போவதைத் தடுக்க, 1927இல் அரசே அந்நஞ்சின் அளவை உயர்த்திற்று. மக்கள் மாண்டனர். சாவுக்கு அரசே பொறுப்பு என்று நியூயார்க் நகரின் தலைமை மரண ஆய்வு மருத்துவர் சார்லஸ் நாரிஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். குடியைத் தடுப்பது அறமாகலாம். குடிப்பவனைக் கொல்வது அறமாகுமா?

மெத்தனால் பார்வைக்கும் மணத்துக்கும் சாதாரணச் சாராயம் போன்றதே. உடலுக்குள் அது பார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைக் கருக்கும். பத்து மில்லி லிட்டரே பார்வையைப் பறிக்கப் போதும். முப்பது மில்லி லிட்டர் உயிரையே குடிக்கலாம். தமிழகத்தில் அதைக் கட்டுப்படுத்த 1959 முதலே விதிகள் உண்டு. இருந்தும், 2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர். மாண்டவரில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள்! அதே மாதம் தண்டனையை ஆயுட்சிறை வரை உயர்த்தச் சட்டம் திருத்தப்பட்டது. பிணங்கள் எரிந்த பின் வந்த தண்டனை அது.

மதுவில் என்ன சேரலாம், மெத்தனால் எந்த அளவைத் தாண்டக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வகுத்த தரவிதிகள் 2019 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளன. நல்ல விதிகளே. ஆனால் முத்திரையிட்ட புட்டிக்குக் காவல் நிற்கும் அவ்விதி, கூலிக்காரன் கையிலுள்ள பிளாஸ்டிக் பொட்டலத்தை எட்டிப் பார்க்கவில்லையே! நஞ்சு ஆலையிலிருந்து வெளியேறும் வாயிலில் கணக்குக் கேட்டிருந்தால், சுடுகாட்டு வாயிலில் கணக்கெடுக்க வேண்டியிருந்திராதே!

மறுநாள் அம்மாணவனிடம் சொன்னோம்: “தம்பி, கள்ளுக்கும் பதநீருக்கும் இடையே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு. அதைத் தடவியவன் தொழிலாளி. அதைக் கோடாக்கியது அரசு. எந்த விதியைக் கண்டாலும் ஒன்றைக் கேள்: இது காப்பது கருவூலத்தையா, உயிரையா?”

தோழர்களே, அந்தக் கேள்வியை நாமும் கேட்போம். குடியை விடச் சொல்வோம்; அதோடு, குடித்தவன் சாகத்தக்கவன் என்னும் கொடிய எண்ணத்தையும் விடச் சொல்வோம்!